சாவுகிராக்கி சரித்திரம்

சென்னையில் ஒரு தடவையாவது ரோட்டைக் கிராஸ் செய்திருக்கிறீர்களா? அப்படியானால் இந்த வசனத்தை நிச்சயம் கேட்டிருப்பீர்கள்.

‘யோவ் சாவுகிராக்கி! வூட்ல சொல்லிட்டு வந்துட்டியா?’

கேட்ட மாத்திரத்தில் என்ன செய்வோம்? ஏதோ நாம்தான் பெரிய தப்பு செய்துவிட்ட மாதிரி கூசிப் போய், தலையைக் குனிந்துகொண்டு, செருப்பு நழுவ நழுவ அந்தப் பக்கம் ஓடுவோம். வந்த வண்டியின் வேகம் என்ன, அங்கே வரிக்குதிரைக் கோடு ஏதாவது இருந்ததா, பிளாட்பாரத்தை விட்டு நாம் ஏன் இறங்க நேர்ந்தது என்பதெல்லாம் நிதானமாக வீட்டுக்கு வந்து காபி குடிக்கும்போதுதான் உறைக்கும். அதற்குள் திட்டியவர் அடுத்த பேட்டைக்குப் போய் இன்னும் நாலு பேரைத் திட்டியிருப்பார்.

இந்தத் திட்டுக்கு அமெரிக்காவில் ஓர் அண்ணன் உண்டு. வயது நூறைத் தாண்டிவிட்டது. நம்ம ஊர்த் திட்டை யாரும் காசு கொடுத்து வளர்க்கவில்லை. அது பாட்டுக்கு முளைத்தது, அது பாட்டுக்கு வளர்ந்தது. அமெரிக்க அண்ணன் கதை வேறு. தெருவில் பிறந்த அந்த வார்த்தையைத் தத்தெடுத்து, பால் ஊற்றி வளர்த்து, பள்ளிக்கூடத்துக்கெல்லாம் அனுப்பி, கடைசியில் சட்டப் புத்தகத்திலேயே குடியேற்றினார்கள். செய்தவர்கள் கார்க் கம்பெனிக்காரர்கள், கார் விற்பவர்கள், கார் வைத்திருப்பவர்களின் சங்கங்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஒரு தேசத்தின் தெருக்களையே எழுதி வாங்கிவிட்டார்கள் என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும். நடந்தது அதுதான்.

முதலில் 1900-ம் வருடத்து அமெரிக்க நகரத் தெரு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். தெரு நடுவே டிராம் தண்டவாளம். பக்கத்தில் குதிரை வண்டிகள். ஓரத்தில் தள்ளுவண்டிக் கடைகள். நட்டநடுவில் பையன்கள் பந்து விளையாடிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் நின்று ஊர்க்கதை பேசுவார்கள். யார் வேண்டுமானாலும், எந்த இடத்தில் வேண்டுமானாலும், எந்தக் கோணத்தில் வேண்டுமானாலும் குறுக்கே நடக்கலாம். சொர்க்கம் என்று நினைத்துவிடாதீர்கள். குதிரைச் சாணி நாற்றம் குடலைப் புரட்டும். மிரண்ட குதிரை மிதிக்கும். டிராமில் அடிபட்டுச் செத்தவர்களும் உண்டு. ஆனால், தெரு எல்லோருக்கும் பொது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. நீதிபதிகளும் அப்படித்தான் தீர்ப்பு எழுதினார்கள். பெரிய வண்டி வைத்திருப்பவனுக்குத்தான் பெரிய பொறுப்பு. குறுக்கே ஓடிய குழந்தைக்கு அல்ல.

1899-ம் ஆண்டு, செப்டம்பர் 13-ம் தேதி. நியூயார்க்கில் 74-வது தெரு முனை. ஹென்றி பிளிஸ் என்ற ரியல் எஸ்டேட் பிரமுகர் டிராமிலிருந்து இறங்கினார். அந்தப் பக்கமாக வந்த டாக்ஸி ஒன்று அவர் மேல் ஏறியது. மறுநாள் காலை இறந்துபோனார். அமெரிக்காவில் மோட்டார் வாகனம் மோதி இறந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். அந்த டாக்ஸி பேட்டரியில் ஓடிய மின்சார வண்டி என்பது உபரித் தகவல். டிரைவரை உடனே கைது செய்து கொலைக்குற்றத்துக்குச் சற்றே கீழான பிரிவில் வழக்குப் போட்டார்கள். வேண்டுமென்று செய்யவில்லை என்று பிறகு விடுதலையாகிவிட்டார். ஆனாலும், கைது செய்யும் அந்த முதல் உந்துதலைக் கவனியுங்கள். ‘பிளிஸ் ஏன் பார்த்து இறங்கவில்லை?’ என்று அன்றைக்கு யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

அப்போது கார் என்பது பணக்காரர்களின் பொம்மை. அடுத்து வந்தார் ஹென்றி ஃபோர்டு. 1908-ல் 850 டாலருக்கு அவர் விற்க ஆரம்பித்த மாடல் டி கார், 1925 வாக்கில் 300 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. 1920-ல் அமெரிக்காவில் சுமார் 80 லட்சம் கார்கள். 1929-ல் 2 கோடியே 30 லட்சம். பந்து விளையாடிய பையன்கள் மட்டும் அதே தெருவில்தான் இருந்தார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அந்தப் பத்து வருடங்களில் மோட்டார் வாகனங்களுக்குப் பலியான அமெரிக்கர்கள் இரண்டு லட்சத்துக்கும் மேல். முதல் உலகப்போரில் களத்தில் இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 53,000 பேர்தான். நகரங்களில் செத்தவர்களில் பெரும்பகுதி நடந்து போனவர்கள். அவர்களிலும் குழந்தைகள் ஏராளம்.

ஊர் எப்படித் துக்கம் கொண்டாடியது தெரியுமா? போரில் இறந்தவர்களுக்குச் செய்கிற அதே மரியாதையோடு! 1922-ல் பால்டிமோர் நகரில், முந்தைய வருடம் விபத்துகளில் இறந்த 130 குழந்தைகளுக்காக நடுத்தெருவில் ஒரு நினைவுத் தூண் எழுப்பினார்கள். அதே வருடம் நியூயார்க்கில் 10,000 குழந்தைகள் ஊர்வலம் போனார்கள். அதில் 1,054 குழந்தைகள் மட்டும் தனி அணியாகப் பிரிந்து நடந்தார்கள். முந்தைய வருடம் அந்த ஊரில் விபத்துகளில் இறந்த குழந்தைகளின் எண்ணிக்கை அது. இறந்துபோன ஒவ்வொரு குழந்தைக்கும் பதிலாக உயிருள்ள ஒரு குழந்தை நடந்தது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மார்களை, போரில் மகனை இழந்த தாய்மார்களுக்கு இணையாக மரியாதை செய்து அந்த ஊர்வலத்தில் அழைத்துப் போனார்கள்.

பத்திரிகைக் கார்ட்டூன்களில் காரோட்டி எமனாக வந்தார். மண்டை ஓடும் கையில் அரிவாளுமாக ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார் என்றாலே கொலைகார யந்திரம் என்று பேச ஆரம்பித்தார்கள்.

கார்த் தொழிலுக்கு வயிற்றில் புளி கரைந்திருக்குமா, இல்லையா?

உண்மையிலேயே கரைத்தது சின்சினாட்டி நகரம். 1923-ல் அந்த ஊர் ஜனங்கள் ஒரு மனு தயாரித்தார்கள். ஊருக்குள் ஓடுகிற ஒவ்வொரு காரிலும் ஒரு வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்த வேண்டும். மணிக்கு 25 மைல், அதாவது 40 கிலோமீட்டருக்கு மேல் என்ன மிதித்தாலும் வண்டி போகக்கூடாது. அவ்வளவுதான் கோரிக்கை. சிம்பிள்! 42,000 பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டார்கள். சட்டப்படி அதை ஓட்டெடுப்புக்கு விட்டே ஆகவேண்டும்.

கார்க்காரர்களுக்குப் பகீரென்றது. கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். காரை எதற்கு வாங்குகிறான் மனுஷன்? வேகத்துக்கு. அந்த வேகத்தையே பிடுங்கிக்கொண்டால் அப்புறம் குதிரை வண்டியே போதாதா? ஒரு ஊரில் இது ஜெயித்தால் அடுத்த வருடம் ஐம்பது ஊரில் வரும். விற்பனையாளர்கள், மோட்டார் சங்கங்கள் எல்லோரும் ஒரே அணியாகத் திரண்டார்கள். ஊரில் கார் வைத்திருந்தவர்களுக்கெல்லாம் கடிதம் போட்டார்கள். சீனப் பெருஞ்சுவரை உதாரணம் காட்டி, ‘நம்ம ஊரைச் சுற்றிச் சுவர் கட்டிக்கொள்ளப் போகிறோமா?’ என்கிற ரீதியில் விளம்பரம் செய்தார்கள். நவம்பர் மாதம் ஓட்டெடுப்பு நடந்தது. தீர்மானம் படுதோல்வி. கையெழுத்துப் போட்ட 42,000 பேரிலேயே பெரும்பாலோர் மனம் மாறிவிட்டார்கள் என்றால் பிரசாரத்தின் வீரியத்தைப் புரிந்துகொள்ளலாம்.

(சின்சினாட்டி கேட்டதன் சாதுவான வடிவம் ஒன்று நூறு வருடம் கழித்து வந்திருக்கிறது. ஐரோப்பிய யூனியனில் 2024 ஜூலை முதல் விற்கிற புதுக் கார் ஒவ்வொன்றிலும், வேக வரம்பைத் தாண்டினால் எச்சரிக்கும் கருவி கட்டாயம். ஆனால் டிரைவர் நினைத்தால் அதை மீறிப் போகலாம். 1923-ல் கேட்டது மீறவே முடியாத கருவி!)

ஜெயித்தவர்கள் ஜெயித்த சந்தோஷத்தில் தூங்கிவிடவில்லை. அங்கேதான் அவர்களுடைய கெட்டிக்காரத்தனம். ‘வேகம்தான் ஆபத்து’ என்ற எண்ணம் ஜனங்கள் மனதில் இருக்கிற வரை இன்னொரு சின்சினாட்டி வந்துகொண்டேதான் இருக்கும். எண்ணத்தையே மாற்ற வேண்டும். பழியை இடம் மாற்றி வைக்க வேண்டும். யார் தலையில்?

நடக்கிறவன் தலையில்.

இங்கேதான் நம் அண்ணன் அரங்கத்துக்குள் வருகிறார். ஜே வாக்கர். ‘ஜே’ என்றால் அன்றைய அமெரிக்கக் கொச்சையில் பட்டிக்காட்டான். டவுனுக்கு வந்து அண்ணாந்து மாடிக் கட்டடங்களை வாய் பிளந்து பார்த்துக்கொண்டு, நாலு பேர் மேல் இடித்துக்கொண்டு நிற்கிற ஆசாமி. ‘ஜே வாக்கர்’ என்றால், ரோட்டில் நடக்கத் தெரியாத காட்டான். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1905 வாக்கில் கான்சஸ் பக்கத்தில் முதலில் புழங்கிய வார்த்தை ‘ஜே டிரைவர்’. அதாவது வண்டி ஓட்டத் தெரியாத காட்டான்! அந்தத் திட்டு வழக்கொழிந்து போனது. ஏன் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நடக்கிறவனுக்கான திட்டு மட்டும் நிலைத்தது. கான்சஸ் சிட்டி 1912-லேயே அதை அடிப்படையாக வைத்து ஓர் உள்ளூர்ச் சட்டமும் போட்டிருந்தது.

ஆரம்பத்தில் அது கொஞ்சம் அநாகரிகமான வார்த்தை. 1913 கிறிஸ்துமஸ் சமயத்தில் சிராக்யூஸ் நகரில் ஒரு பெரிய கடைக்காரர்கள், வாசலில் சாண்டா கிளாஸ் வேஷம் போட்ட ஆளை நிறுத்தினார்கள். தாத்தா பரிசு கொடுத்தாரா? இல்லை. கையில் மெகாஃபோனை வைத்துக்கொண்டு, குறுக்கே போனவர்களையெல்லாம் ‘ஜே வாக்கர்’ என்று கத்திக் கத்தி மானத்தை வாங்கினார்!

1920-களில் இந்தக் கூத்து நாடு முழுக்கப் பரவியது. சில ஊர்களில் பாய் ஸ்கவுட் பையன்கள், தெருவில் ‘தப்பாக’ நடப்பவர்களை நிறுத்தி, நீங்கள் செய்ததற்குப் பெயர் இன்னது என்று அச்சடித்த அட்டையைக் கையில் கொடுத்தார்கள். 1924-ல் நியூயார்க்கில் ஒரு பாதுகாப்பு ஊர்வலம். முன்னால் ஒரு பஃபூன், பட்டிக்காட்டு உடையில் நடக்கிறார். பின்னால் ஒரு மாடல் டி மெதுவாக வந்து அவர் பின்பக்கத்தில் முட்டுகிறது. அவர் துள்ளுகிறார். மறுபடி முட்டுகிறது. மறுபடி துள்ளுகிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

இரண்டே வருடம் முன்னால், இதே ஊரில்தான் அந்த 1,054 குழந்தைகள் மௌனமாக நடந்து போனார்கள் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பத்திரிகைகளையும் விடவில்லை. கார் தயாரிப்பாளர்களின் தேசிய சங்கம் ஒரு ‘இலவச சேவை’ ஆரம்பித்தது. ஊர் நிருபர்கள் விபத்து விவரங்களை அனுப்பினால் போதும். சங்கத்தின் ஆட்கள் அதைத் தொகுத்து முழுக் கட்டுரையாகவே எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பத்திரிகைக்குக் காசு மிச்சம், வேலை மிச்சம். கட்டுரைகளில் மட்டும் விபத்துக்கான காரணம் மெல்ல மெல்ல இடம் மாறிக்கொண்டே வந்தது. ‘கார் மோதியது’ போய், ‘பாதசாரி கவனக்குறைவாகக் குறுக்கே வந்தார்’ வந்தது.

அடுத்தது பள்ளிக்கூடம். மோட்டார் சங்கங்கள் செலவை ஏற்றுக்கொண்டு பாடம், போஸ்டர், போட்டி எல்லாவற்றுக்கும் ஏற்பாடு செய்தன. டெட்ராய்ட்டில் 1925-ல் ஒரு ‘விசாரணை’ நடந்தது. பன்னிரண்டு வயதுப் பையன் கூண்டில். நூற்றுக்கணக்கான மாணவர்கள் வேடிக்கை பார்க்க, சக மாணவர்களே ஜூரிகள். குற்றம்: ஜே வாக்கிங். தண்டனை: ஒரு வாரம் கரும்பலகை துடைக்க வேண்டும். தெரு என்பது விளையாடுகிற இடமல்ல, அது காருக்குச் சொந்தமானது என்று ஒரு தலைமுறையே படித்துத் தேறிவிட்டது.

இனி பாக்கி சட்டம் மட்டும்தான். 1925-ல் லாஸ் ஏஞ்சலீஸ் அதைப் போட்டது. எழுதிக் கொடுத்தவர் மில்லர் மெக்ளின்டாக். போக்குவரத்தை ஆராய்ச்சி செய்து ஹார்வர்டில் பட்டம் வாங்கிய இளைஞர். பிற்பாடு அவர் தலைமையில் நடந்த போக்குவரத்து ஆராய்ச்சி நிலையத்துக்குப் பணம் கொடுத்தது ஸ்டூட்பேக்கர் கார் கம்பெனி. பாதசாரிகள் தெரு முனையில்தான், குறித்த இடத்தில்தான், சிக்னல் பார்த்துத்தான் கடக்க வேண்டும். அபராதத்தைவிட அவமானம் நன்றாக வேலை செய்யும் என்பது அந்த ஊர் மோட்டார் சங்கத் தலைவரின் சித்தாந்தம். அதனால், போலீஸ்காரர் விசில் ஊதுவார். தெருவே திரும்பிப் பார்க்கும். தப்பு செய்தவர் முகம் சிவந்து பின்வாங்குவார். சாவுகிராக்கி டெக்னிக்!

அந்தச் சட்டத்தை முன்மாதிரியாக வைத்து, வணிகத் துறை அமைச்சராக இருந்த ஹெர்பர்ட் ஹூவரின் ஆதரவில் கூடிய தேசிய மாநாடு ஒன்று, எல்லா ஊர்களுக்குமான மாதிரிப் போக்குவரத்துச் சட்டத்தைத் தயாரித்து 1928-ல் வெளியிட்டது. நகரங்கள் வரிசையாக அதை நகலெடுத்துக்கொண்டன. சின்சினாட்டி ஓட்டெடுப்பு முடிந்து ஐந்தே வருடம்!

சரி, தெருவில் ஒழுங்கு வருவது நல்லதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. சிக்னலும் கடக்கும் கோடும் தேவையில்லை என்று நானும் சொல்ல மாட்டேன். எத்தனையோ உயிர்களை அவை காப்பாற்றியிருக்கின்றன. விவகாரம் அதுவல்ல. கடக்க வேண்டிய இடத்தில்தான் கடக்க வேண்டும் என்று சட்டம் போடுகிறவர்கள், கடப்பதற்கு ஓர் இடம் ஏற்பாடு செய்துதர வேண்டும் அல்லவா? அடுத்த முப்பது வருடங்களில் அமெரிக்கா அதைத்தான் மறந்தது.

இரண்டாம் உலகப்போர் முடிந்ததும் புறநகர்கள் காளான் மாதிரி முளைத்தன. நியூயார்க் அருகே லெவிட்டவுன் 1947-ல் ஆரம்பமானது. வீட்டு மனைகள் ஓர் இடம், கடைகள் இன்னோர் இடம், அலுவலகங்கள் வேறோர் இடம் என்று சட்டம் போட்டுப் பிரித்து வைத்தார்கள். 1956-ல் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட நெடுஞ்சாலைச் சட்டம், பணத்தை ஆறாகப் பாயவிட்டது. பல புறநகர்களில் நடைபாதையே போடவில்லை. எல்லோரிடமும்தான் கார் இருக்கிறதே, யார் நடக்கப் போகிறார்கள்? முட்டுச்சந்துகளாகத் தெரு போட்டதில், கொல்லைப்புறம் முட்டிக்கொள்ளும் இரண்டு வீடுகளுக்கு நடுவே நடந்து போக ஒரு மைல் சுற்ற வேண்டிய விபரீதமெல்லாம் உண்டு.

எதிர்ப்பே இல்லையா? இருந்தது. நியூயார்க்கின் சர்வ வல்லமை படைத்த அதிகாரி ராபர்ட் மோசஸ், வாஷிங்டன் சதுக்கப் பூங்காவின் நடுவே ரோடு போடத் திட்டமிட்டார். ஷெர்லி ஹேய்ஸ், ஜேன் ஜேக்கப்ஸ் என்று அந்தப் பேட்டைப் பெண்கள் கிளம்பிவிட்டார்கள். சில அம்மாக்கள்தான் எதிர்க்கிறார்கள் என்று மோசஸ் அலட்சியமாகச் சொன்னாராம். 1958 நவம்பரில், ரோடு வரவில்லை என்பது மட்டுமல்ல, பூங்காவுக்குள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கார்களையும் நிறுத்திவிட்டார்கள் அந்த அம்மாக்கள். ஊரெல்லாம் கார் ரோடாகப் போட்டுத் தள்ளிய மோசஸுக்குக் கடைசி வரை கார் ஓட்டத் தெரியாது என்பது சரித்திரத்தின் குசும்பு.

ஆனால் அந்த வெற்றி பழைய நகரத்தின் நடுப்பகுதிக்குத்தான். புறநகர்கள் புறநகர்களாகவே வளர்ந்தன. அதன் விளைவைப் பார்க்க 2010-க்கு வாருங்கள்.

ஜார்ஜியா மாநிலத்தில், அட்லான்டாவின் புறநகர் ஒன்று. கார் இல்லாத ஓர் இளம் தாய். கறுப்பினப் பெண். மூன்று குழந்தைகளுடன் இரவில் பேருந்திலிருந்து இறங்குகிறார். நேர் எதிரே அவர் குடியிருக்கும் அடுக்குமாடி. நடுவே அகலமான நெடுஞ்சாலை. முறைப்படி கடப்பதற்கான இடம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீட்டர் தள்ளி. அங்கே நடந்து போய்க் கடந்து, மறுபடி அரைக் கிலோமீட்டர் திரும்பி வர வேண்டும். இருட்டில், சின்னக் குழந்தைகளுடன். நீங்கள் என்ன செய்திருப்பீர்கள்? அவரும் கூட இறங்கியவர்களும் அதைத்தான் செய்தார்கள். பாதி கடந்து நடுத்திட்டில் நின்றார்கள். நாலு வயது மகன் கையை உதறிக்கொண்டு ஓடினான். ஒரு வேன் அவனை அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது.

ஓட்டியவர் பிடிபட்டார். அன்றைக்குக் குடித்திருந்ததை ஒப்புக்கொண்டார். இடித்துவிட்டு ஓடிய பழைய வழக்குகளும் அவர் மேல் உண்டு. ஆறு மாதம் சிறையில் இருந்தார்.

அந்தத் தாய் மேலும் வழக்குப் போட்டார்கள். மகனின் சாவுக்குக் காரணமாக இருந்ததாக! 2011 ஜூலையில் ஜூரிகள் அவரைக் குற்றவாளி என்றார்கள். அந்த ஜூரிகளில் ஒருவர்கூட அந்தப் பேருந்தை நம்பி வாழ்கிறவர் அல்ல. அதிகபட்சத் தண்டனை மூன்று வருடம். வேன் ஓட்டியவர் இருந்ததைப்போல் ஆறு மடங்கு. நாடே கொந்தளித்தது. நீதிபதி சிறைக்கு அனுப்பாமல், நன்னடத்தைக் கண்காணிப்பு அல்லது மறுவிசாரணை, எது வேண்டும் என்று கேட்டார். மறுவிசாரணை வேண்டும் என்றார் அந்தத் தாய். 2013-ல் ஒருவழியாக வழக்கு முடிந்தது. எப்படி? ஜே வாக்கிங் செய்தேன் என்று ஒப்புக்கொண்டு 200 டாலர் அபராதம் கட்டினார்.

1922-ல் பிள்ளையை இழந்த தாயை ஊர்வலத்தில் மரியாதையோடு அழைத்துப் போன தேசம் இது.

சாவுகிராக்கிகளைத் திருத்துவதை விட்டுவிட்டு வேறு வழியில் போன தேசமும் உண்டு. நெதர்லாந்து. ஊரே சைக்கிளில் போகிற தேசம், அவர்கள் ரத்தத்திலேயே அது ஊறியது என்றுதானே நினைத்துக்கொண்டிருக்கிறோம்? தப்பு. 1960-களில் அவர்களும் அமெரிக்காவைப் பார்த்துத்தான் சூடு போட்டுக்கொண்டார்கள். வாய்க்காலைத் தூர்த்து ரோடு, வீட்டை இடித்து ரோடு. 1971-ல் சாலை விபத்துகளில் 3,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 400-க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். அதில் ஒரு குழந்தை, விக் லாங்கென்ஹோஃப் என்ற பத்திரிகையாளரின் மகள். பள்ளிக்கூடம் போகிற வழியில் கார் மோதி இறந்தாள்.

மறுவருடம் அவர் தன் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். தலைப்பு: ‘குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்’. விபத்து என்று எழுதவில்லை, பாருங்கள். கொலை! அந்தத் தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயரானது. அதன் முதல் தலைவர் மார்ட்யே வான் புட்டன் என்ற இளம்பெண். பின்னாளில் ஐரோப்பிய நாடாளுமன்ற உறுப்பினரானவர். குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு, விபத்து நடந்த முனைகளில் உட்கார்ந்தார்கள். தெருக்களை மறித்து, ‘இன்றைக்கு இங்கே விளையாட்டு’ என்றார்கள். பிரதமர் யோப் டென் ஊயிலின் வீட்டு வாசலுக்கே சைக்கிளில் போய்ப் பாட்டுப் பாடினார்கள். மனிதர் வெளியே வந்து நின்று கேட்டார். பிற்பாடு அரசாங்கமே அந்த இயக்கத்துக்கு நிதி உதவி செய்தது!

அதே சமயத்தில்தான் 1973 எண்ணெய் நெருக்கடி. அரபு நாடுகள் குழாயை மூடிவிட்டன. டென் ஊயில், ஞாயிற்றுக்கிழமைகளில் கார் ஓட்டக்கூடாது என்றார். ஜனங்கள் நெடுஞ்சாலையில் நடந்தார்கள், ரோலர் ஸ்கேட்டில் போனார்கள். தெரு என்றால் எப்படி இருக்கும் என்பது பலருக்கு அன்றைக்குத்தான் ஞாபகம் வந்தது.

இதே நெருக்கடிக்கு அமெரிக்கா என்ன செய்தது? சிவப்பு விளக்கு எரிந்தாலும் வலது பக்கம் திரும்பிப் போகலாம், பெட்ரோல் மிச்சமாகும் என்றது. 1975-ல் மத்திய அரசே மாநிலங்களை அந்தப் பக்கம் தள்ளியது. அங்கே வண்டிகள் வலதுபுறம் போவதால், நம்ம ஊர் ‘ஃப்ரீ லெஃப்ட்’ மாதிரி. திரும்புகிற டிரைவர் இடது பக்கம் வருகிற காரையே பார்த்துக்கொண்டிருப்பார். வலது பக்கம் கோட்டில் காலை வைக்கிறவர் அவர் கண்ணில் படமாட்டார். பாதசாரிகள் அடிபடுவது கூடியது என்று பின்னால் ஆராய்ச்சி செய்து சொன்னார்கள். வந்த வசதியை யார் விட்டுக்கொடுப்பார்கள்? நியூயார்க் நகரம் மட்டும் அன்றும் இன்றும் அதைப் பொதுவாக அனுமதிக்கவில்லை.

டச்சுக்காரர்கள் பாதசாரிக்கு உபதேசம் செய்யவில்லை. தெருவை மாற்றினார்கள். டெல்ஃப்ட் நகரில் சில குடியிருப்புத் தெருக்களில் நடைபாதை, ரோடு என்ற பிரிவையே எடுத்துவிட்டார்கள். மரம், பெஞ்சு, வளைவு, மேடு. கார் உள்ளே வரலாம், ஆனால் மனுஷன் நடக்கிற வேகத்தில் விருந்தாளி மாதிரி வரவேண்டும். ‘வூனெர்ஃப்’ என்று பெயர். வாழும் முற்றம் என்று வைத்துக்கொள்ளலாம். 1976-ல் அதற்குச் சட்ட அந்தஸ்தே கொடுத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் குழந்தைகள் விளையாடுவது சட்டப்படி உரிமை.

இதன் பின்னால் பெரிய தத்துவம் எதுவும் இல்லை. பள்ளிக்கூட பௌதிகம்தான். வேகம் கூடினால் மோதலின் சக்தி அதன் வர்க்கத்துக்குக் கூடும். 50 கிலோமீட்டரில் வருகிற கார், 30-ல் வருகிற காரைவிட ஏறக்குறைய 2.8 மடங்கு சக்தியோடு இடிக்கும். 30-ல் அடிபட்டவர் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார். எனவே போர்டு மாட்டுவதோடு நிற்காமல், 30-க்கு மேல் போனால் டிரைவருக்கே பயம் வருகிற மாதிரி தெருவைக் குறுக்கு, வளை, முனையில் மேடு வை. நெதர்லாந்தில் இப்போது வருடத்துக்குச் சுமார் 700 பேர் சாலையில் இறக்கிறார்கள். 1971-ல் இருந்ததில் கால்பங்குக்கும் கீழே.

அமெரிக்காவில் 2009-ல் வாகனம் மோதி இறந்த பாதசாரிகள் 4,109. 2022-ல் 7,500-ஐத் தாண்டியது. நாற்பது வருடங்களில் அதுதான் அதிகம். அகலமான, வேகமான புறநகர்ச் சாலைகளும், நெஞ்சு உயரத்துக்கு முகப்பு வைத்த பெரிய வண்டிகளும்தான் முக்கியக் காரணங்கள் என்கிறார்கள். அங்கேயே வேறு மாதிரி ஊரும் இல்லாமலில்லை. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் ஹோபோக்கன். தெரு முனைகளில் கார் நிறுத்துவதைத் தடுத்தார்கள். கடக்கிறவரும் ஓட்டுகிறவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிற மாதிரி முனையைத் திறந்துவிட்டார்கள். 2017 ஜனவரிக்குப் பிறகு ஏழு வருடங்களுக்கும் மேலாக அந்த ஊரில் ஒரு சாலை மரணம்கூட இல்லை.

அண்ணன் கதைக்குக் கடைசியாக ஒரு திருப்பம் வந்திருக்கிறது. வர்ஜீனியாவில் 2021 முதல், போலீஸ் இதற்காக யாரையும் நிறுத்தக்கூடாது. லாஸ் ஏஞ்சலீஸ் இருக்கிற கலிஃபோர்னியாவில் 2023 ஜனவரி முதல், உடனடி ஆபத்து இல்லாத இடத்தில் குறுக்கே நடந்தவருக்கு அபராதம் கிடையாது. நியூயார்க்கில் அந்தச் சட்டம் வந்தது 1958-ல், அம்மாக்கள் பூங்காவிலிருந்து கார்களைத் துரத்திய அதே வருடம். 2023-ல் அங்கே ஜே வாக்கிங்குக்காகச் சீட்டு வாங்கியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும்தான். குறுக்கே நடப்பவர்கள் அவர்கள் மட்டுமா என்ன? மாநகராட்சி மன்றம் 2024 செப்டம்பரில் சட்டத்தை நீக்க ஓட்டளித்தது. மேயர் கையெழுத்தும் போடவில்லை, மறுக்கவும் இல்லை. முப்பது நாள் கழிந்ததும் தானாகவே சட்டமாகி, 2025 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. இனி எங்கே வேண்டுமானாலும் கடக்கலாம். கோட்டுக்கு வெளியே கடந்தால், வருகிற வண்டிக்கு வழிவிட வேண்டும், அவ்வளவுதான்.

நியூயார்க்வாசிகள் இதற்காகப் பட்டாசு எதுவும் வெடிக்கவில்லை. அவர்கள் பாட்டுக்கு, எப்போதும்போல, இரண்டு டாக்ஸிகளுக்கு நடுவே இடைவெளி பார்த்து, கையில் காபியோடு அந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள்.